தைத்த கிழிசல்

சிதம்பரம் அருங்காட்சியகத்தில் அந்த வருடம் பங்க் என்ற மேல்நாட்டுக் கலக இசை ஓவியத்தையும் உடையையும் மாற்றிய கதையைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஓர் ஆளுயரப் பொம்மைக்குப் போட்டிருந்த சட்டை கிழிந்திருந்தது. பெருக்க வந்த தங்கம்மாள் பாவம் பார்த்துத் தைத்துவிட்டாள்.

பொறுப்பாளர் அரவிந்தன் தலையில் கைவைத்தார். "கிழிசல்தாம்மா அதுல கலையே! காலையில பழையபடி கிழிஞ்சிருக்கணும். இல்லன்னா வேலைக்கு வராத."

"எழவு வூட்லதான் சார் துணி கிழிப்பாங்க. நான் மாட்டேன்."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. இருந்தும் கூடத்தைப் பூட்டி, இருந்த ஒரே சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் அவள் திறந்தபோது சட்டை அதே இடங்களில் கிழிந்திருந்தது.

"பரவால்லயே, நல்லாத்தான் கிழிச்சிருக்க" என்று அரவிந்தன் சிரித்துவிட்டுப் போனார். அவள் பொம்மையின் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

நேற்று விரிந்திருந்த பொம்மையின் விரல்கள் மூடியிருந்தன. இடுக்கில் அவள் தைத்த நூல் தொங்கியது. இழுத்துப் பார்த்தாள்.

பொம்மை விடவில்லை.