கறுப்புப் புள்ளிகள்

ஆய்வு வேலையாகப் பதுளை மலைப்பக்கம் புறப்படும் காலை, இணுவில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், புட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் என் கணவர் மண்சரிவு வரைபடத்தை விரித்திருந்தார்.

“உந்தக் கறுப்புப் புள்ளியள் என்ன?” என்று கேட்டேன்.

“முந்திச் சரிஞ்ச இடங்கள். அதுகளின்ரை சாய்வு, மண், மழை எல்லாத்தையும் கணக்கிலை போட்டால், இனிச் சரியக்கூடிய இடம் சிவப்பாய் வரும்.”

“ஒரு ஆள் செத்த இடத்துக்கும் ஒரு ஊரே போன இடத்துக்கும் ஒரே அளவுப் புள்ளியே?”

“கணக்குக்கு ரெண்டும் ஒண்டுதான், சுவர்ணா.”

“நீங்கள் தங்கப்போற வீடு?”

“நல்ல பச்சை, சரியாத இடம். வானம் இருட்டினாலே உமக்குக் காய்ச்சல் வந்திடும்!”

அந்தக் கிழமையே புயல் வந்தது. போனில் அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ உறுமியது. “அதென்ன சத்தம்?” என்று கேட்டேன்.

“லொறி ஏதோ ஏறுது போலை. பயப்பிடாதையும், இது பச்சை...”

பிறகு உறுமல் மட்டும் கேட்டது.

புயலில் சரிந்த இடங்களையும் சேர்த்துப் புதிய வரைபடம் போட்டார்கள். அவர் தங்கிய மலைப்பக்கம் முழுவதும் அதில் சிவப்பு. அதைப் பார்த்து அங்கிருந்த குடும்பங்களை முன்கூட்டியே இறக்கினார்கள். அடுத்த மழைக்கு மலை மறுபடி சரிந்தது, ஒருவரும் சாகவில்லை.

அந்தச் சிவப்பின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. மற்றப் புள்ளிகளின் அளவுதான்.