மச்சான் வேண்டாமென்ற படிப்பு

முதலில் தப்புச் செய்தது சின்னுசாமிதான். எருமப்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கேட்காதவர்களுக்கும் பச்சமுத்து சொல்லித்தான் வைத்திருக்கிறார்.

பச்சமுத்து மகளுக்குக் காதுகுத்து விருந்து. சமையல்காரர் கூட்டிச் சொல்லிவிடாமல் இருக்க, பந்திக்குப் பந்தி இலை எண்ண ஓர் ஆள் வேண்டும். "நானே எண்ணிக்கறேன்" என்று பச்சமுத்து எழுந்தார். அவர் மனைவியின் அண்ணன் சின்னுசாமி, தாய்மாமன் உருமாலையோடு நின்றவர், மண்டபமே கேட்கச் சொன்னார்:

"நீங்க உக்காருங்க மாப்ள. பத்துக்கு மேல உங்களுக்கு ஆகாது."

மண்டபம் சிரித்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அன்றைக்குப் பச்சமுத்து ஒரு கொள்கை வகுத்தார். சின்னுசாமி எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகச் செய்வது. தோட்டத்தில் தண்ணீருக்குக் கிழக்கே போர் போடச் சொன்னார் அவர். இவர் மேற்கே போட்டார். வெறும் புழுதி வந்தது. கோழிப்பண்ணைக்குத் தகரக் கூரை ஆகாது என்றார். இவர் தகரமே போட்டார். சித்திரை வெயிலில் கோழிகள் கொள்கைக்காக உயிர்விட்டன.

இப்போது அந்த மகள் சௌந்தர்யா பிளஸ் டூ முடித்துவிட்டு, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்று நிற்கிறாள். கவுன்சிலிங்கில் சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் வந்துவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் போனில் சம்மதம் சொல்லாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

"கணக்குல எவ்வளவு?" என்றார் பச்சமுத்து.

"நாப்பத்தெட்டுங்கப்பா."

"நூத்துக்கா?"

"ஆமாங்கப்பா."

"நல்லவேளை கேட்டேன். அம்பதுக்கோன்னு நெனச்சுப் பெருமைப்பட இருந்தேன்."

சௌந்தர்யா விடவில்லை. "தீவனம் கலக்குற மெஷின் நின்னுபோனப்ப நாந்தானுங்கப்பா பிரிச்சுச் சரி பண்ணுனேன்."

"பரீட்சையில மெஷினையா பிரிக்கச் சொல்லுவாங்க? கணக்கத்தான் போடச் சொல்லுவாங்க. பேசாம பி.ஏ. சேரு. உனக்கும் நிம்மதி, கணக்குக்கும் நிம்மதி."

"எனக்கு அடிப்படை விட்டுப்போச்சுங்கப்பா. ஒன்பதாவது பூராவும் எங்களுக்குக் கணக்கு வாத்தியாரே இல்ல. காலேஜ் தொறக்கறதுக்குள்ள ஹெலன் டீச்சர் மொதல்ல இருந்து சொல்லித் தர்றேங்கறாங்க. டியூஷன் மட்டும் அனுப்புங்க. மொத வருசத்தத் தாண்டிட்டன்னா அப்பறம் புடிச்சுக்குவேன்."

"டியூஷனும் இல்ல, மெக்கானிக்கலும் இல்ல. சொன்னாச் சொன்னதுதான்."

செல்லாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் புல்லட் சத்தம். பக்கத்து ஊர்க்காரரான சின்னுசாமி உள்ளே வந்தார்.

"இந்தப் பக்கமா வந்தனுங்க மாப்ள. அப்படியே பாத்துட்டுப் போலாம்னு..."

"உக்காருங்க" என்றார் பச்சமுத்து, இருந்த ஒரே நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு.

"புள்ள மெக்கானிக்கல் கேக்குதாமா? வேண்டாமுங்க மாப்ள. நீங்க சொன்னதுதான் சரி. உங்க ஊட்டு மண்டைக்குக் கணக்கு ஏறுமுங்களா? பி.ஏ.வே சாஸ்தி."

பச்சமுத்துவின் காதுக்குள் நாதஸ்வரக்காரர் மறுபடியும் சிரித்தார்.

"எங்க ஊட்டு மண்டையா?"

"கோவிச்சுக்காதீங்க. இருக்கறதத்தானுங்க சொல்றேன்."

"சௌந்தர்யா! எங்க அந்தப் போனு? எத அமுக்கோணும்?"

"எதுக்குங்கப்பா?"

"மெக்கானிக்கலுக்கு! உங்க மாமன் கண்ணு முன்னாலயே அமுக்கு."

அமுக்கினாள். சின்னுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒருக்காலாச்சும் நான் சொல்றதக் கேக்கறீங்களா? அப்பறம் உங்க இஷ்டமுங்க. நான் வாரேன்."

அவர் போனார். வழியனுப்ப சௌந்தர்யாவும் போனாள். பச்சமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். பிறகுதான் மச்சானைக் குத்திக்காட்ட இன்னும் நல்ல வார்த்தை ஒன்று ஞாபகம் வந்தது. அதை வீணாக்க மனமில்லாமல் வெளியே எழுந்து போனார்.

சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"தேங்க்ஸுங்க மாமா. ஆனா மண்டைன்னது கொஞ்சம் ஓவருங்க."

"அது இல்லாட்டி உங்கப்பன் அசைவானா சாமி? உங்கம்மா போன்ல அழுவுறா, நான் என்ன பண்ணட்டும்? இனி கணக்கக் கோட்டை விட்டுறாத. வருசா வருசம் வந்து என்னால பேச்சு வாங்க முடியாது."

பச்சமுத்து அப்படியே நின்றார்.

உள்ளே போய் எல்லாவற்றையும் ரத்துச் செய்யச் சொல்லலாம். சொன்னால், சின்னுசாமி வாயால் சொன்னதைக் கேட்டதாக ஆகிவிடும். சொல்லாவிட்டால், சின்னுசாமி மனசில் நினைத்தது நடந்துவிடும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மச்சான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் காட்டாமல் வீட்டுக்குள் திரும்பினார்.

"செல்லாயி."

"ஏனுங்க?"

"காதுகுத்துல உங்கண்ணன் அப்படிச் சொன்னதுக்கு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கல. அது பாக்கிதான். கடைசி வரைக்கும் நான் விடப்போறதில்ல."

"சரிங்க."

பச்சமுத்து வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு இன்னொருக்கா வரச் சொல்லு. டியூஷன் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகட்டும்."