புயலுடன் மூன்று சுற்று

"என்னை ஜெயிக்கறதுக்கு இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும் மேடம்!"

"ஒருத்தன் இல்லப்பா, ஒருத்தி. பொறந்து, வளர்ந்து, உள்ளே வந்து உக்காந்திருக்காங்க. போய்ப் பாரு," என்றார் மேலாளர் அம்மாள்.

அந்த வீடியோ கேம் நிறுவனத்தில் அவனுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவன் புயல். ஒவ்வொரு விளையாட்டையும் வெளிவருவதற்கு முன்னால் ஆடிப் பார்த்து, எங்கே இடிக்கிறது, எங்கே இழுக்கிறது என்று சொல்வது அவன் வேலை. அந்தச் சோதனைக் குழுவுக்கு இப்போது ஒரு தலைவர் தேவைப்பட்டார். புயலும் கேட்டிருந்தான், வெளியிலிருந்து ஒரு பெண்ணும் கேட்டிருந்தாள். மற்ற தேர்வுகளில் இரண்டு பேரும் சமமாக வந்துவிட்டதால், நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்ப்பது என்று மேலாளர் முடிவு செய்துவிட்டார்.

புயலுக்கு இது வெறும் பதவி இல்லை, மாமனார் விவகாரம். "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "விளையாடிக்கிட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறவர் அவர். அவர் வாயை அடைக்க 'தலைவர்' என்ற ஒரு சொல் போதும். "இன்னைக்கு சாயங்காலம் உங்கப்பாவுக்கு நானே போன் பண்றேன், பாரு!" என்று காலையிலேயே மனைவியிடம் மார்தட்டிவிட்டுக் கிளம்பியிருந்தான்.

அறைக்குள் பெரிய திரைக்கு எதிரே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கன்ட்ரோலர் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

"வணக்கங்க, நான்தான் புயல்," என்று கையை நீட்டினான்.

"வணக்கம். கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள். கை கொடுக்கவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டான் புயல். அடேயப்பா, என்ன திமிர்! இருக்கட்டும், ஆட்டத்தில் கவனித்துக்கொள்ளலாம்.

பின்னாலேயே வந்த மேலாளர் கேட்டார். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. 'இந்த விளையாட்டால என்ன பிரயோஜனம்?'னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

புயல் முந்திக்கொண்டான். "எனக்கும் வீட்டுக்காரிக்கும் சண்டை வந்தா, ஆளுக்கொரு கன்ட்ரோலரை எடுத்துக்குவோம் மேடம். திரையில நல்லா அடிச்சுப் போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சாப்பிட உக்காருவோம். இதுவரைக்கும் எங்க வீட்டுல ஒரு கரண்டி பறந்ததில்ல!"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சொன்னாள். "சின்ன வயசுல தெருவுல பிள்ளைங்க ஓடிப் பிடிச்சு விளையாடறப்ப என்னைச் சேத்துக்க மாட்டாங்க. இதுல மட்டும்தான் எங்க அண்ணனும் நானும் சரிக்குச் சரி. நான் அடிச்சா திருப்பி அடிப்பான், பாவம் புண்ணியம் பாக்கவே மாட்டான். இப்பவும் வேலை முடிஞ்சு வந்து ஒரு சுத்து ஆடினா, அன்னைய தலைவலியெல்லாம் பறந்துடும். இதுக்கு மேல என்ன பிரயோஜனம் வேணும்?"

நல்லாத்தான் பேசறாங்க, என்று நினைத்துக்கொண்டான் புயல். ஆட்டம் ஆரம்பித்தது. அவர்கள் நிறுவனத்தின் பிரபலமான சண்டை விளையாட்டு. யார் முதலில் இரண்டு சுற்று ஜெயிக்கிறாரோ அவருக்கே வெற்றி. புயல் வழக்கம்போல மலை மாதிரி இருக்கும் 'காண்டாமிருகம்' என்ற சண்டைக்காரனை எடுத்துக்கொண்டான்.

"நீங்க யாரை எடுக்கறீங்க?"

"வரிசையில முதல்ல நிக்கறவனே போதும்."

முதலில் நின்றவன் ஒல்லிக்குச்சி. கத்துக்குட்டிகள் மட்டுமே எடுக்கிற ஆள். புயலுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டறீங்களா?" என்றாள் அவள்.

சத்தம் போட்டே ஜெயித்துவிடலாம் என்று நினைப்பு போலிருக்கிறது! சிரித்துக்கொண்டே கூட்டிவைத்தான்.

முதல் சுற்றில் ஒல்லிக்குச்சி ஓரமாக நின்று அடி வாங்கினான், விழுந்தான், முடிந்தது. புயல் மனதுக்குள் மாமனாரின் எண்ணை அழுத்தத் தொடங்கிவிட்டான்.

இரண்டாவது சுற்றில் காண்டாமிருகம் பாய்ந்தது. ஒல்லிக்குச்சி அங்கே இல்லை. உதைத்தது, தடுத்துவிட்டான். திரும்பி நின்று குத்தியது, அதற்குள் முதுகில் ஓர் உதை விழுந்தது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் காண்டாமிருகம் மண்ணைக் கவ்வியிருந்தது.

மூன்றாவது சுற்றில் புயல் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான். தனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கிப் பார்த்தான். அவன் விரல் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுவது போலிருந்தது. கடைசியில் ஒல்லிக்குச்சி சாவகாசமாக ஒரே ஓர் உதை கொடுத்தான். மலை சாய்ந்தது.

"எப்படிங்க?" என்றான் புயல்.

"உங்க ஆளு பாயறதுக்கு முன்னாடி லேசா மூச்சை இழுப்பான். குத்தறதுக்கு முன்னாடி காலைத் தேய்ப்பான். முதல் சுத்துல அதையெல்லாம்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

புயல் திருதிருவென்று விழித்தான். சத்தத்தை அணைத்துவிட்டு ஆடியே பழக்கப்பட்டவனுக்கு, காண்டாமிருகம் மூச்சு விடும் என்பதே புதுச் செய்தி.

"குழுத் தலைவர் யாருன்னு இனிமே நான் வேற சொல்லணுமா?" என்றார் மேலாளர்.

"வேண்டாம் மேடம், ஒத்துக்கறேன்." ஆனாலும் புயலுக்கு மனசு ஆறவில்லை. "நியாயத்தைச் சொல்லணும் பாருங்க, ஜன்னல் வெளிச்சம் நேரா திரை மேல அடிக்குது. பாதி நேரம் எனக்கு ஒண்ணுமே தெரியல."

"எனக்கு முழு நேரமும் தெரியலைங்க," என்று சிரித்தவள், கைப்பையிலிருந்து மடக்கிய வெள்ளைக் கோலை எடுத்து விரித்து, தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்.