சாத்தானுக்கு ஒரு கடிகாரம்

வலேட்டா நீதிமன்றத்தில் குமாஸ்தா மார்த்தீஸ் மனு வாங்கும் ஜன்னலை மூடப்போகையில், மூச்சிரைக்க ஓடிவந்த கிழவர் கையை உள்ளே நுழைத்தார்.

"என் மகனோட அப்பீல் மனும்மா. இன்னிக்கு விட்டா ஒன்பது வருஷம் உள்ளே கிடப்பான்."

"பன்னிரண்டு அடிச்சாச்சு சார்."

கிழவர் எதிரே இருந்த மாதா கோயில் கோபுரத்தைக் காட்டினார். "அங்க பாரு, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு!"

"அது பூசை நேரம் தெரியாம சாத்தானை ஏமாத்த சுவத்துல வரைஞ்ச பொய்க் கடிகாரம். என்னை ஏமாத்தாதீங்க. பக்கத்துல ஓடுறதைப் பாருங்க."

"ஒரே நிமிஷம்தானேம்மா! இரக்கமே இல்லையா?"

அவள் தடித்த சட்டப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் படித்தாள். "'ஒரு நிமிடத் தாமதமும் தாமதமே. கண்ணீர் காரணமாகாது.' நீதிபதிகளுக்கே இதுதான் வேதம். எழுதின புரொபசருக்குப் பிள்ளைகுட்டி இல்லபோல!"

கிழவர் மெல்லக் கையை வெளியே எடுத்தார்.

"அப்போ இல்லம்மா. புத்தகம் அச்சாகி வந்த மறுவருஷம்தான் இவன் பிறந்தான்."