முன்வரிசை நாற்காலி

“அண்ணே, திரையில என்னவோ எழுத்து போடறானே, என்ன போட்டிருக்கு?”

இருட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து கேட்டான் ஓண்ட்ரே. பிட்ஸ்பர்க் இரும்பாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு, தூங்கி எழுந்து, மதியக் காட்சிக்கு வந்திருந்தான்.

“எனக்குத் தெரியாதுப்பா.”

“நீங்களும் நம்ம கட்சிதானா! நானும் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினதில்ல.” வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான். “உங்க பேரு?”

“மலாக்கி.” அவர் கடலையை எடுத்துக்கொள்ளவில்லை.

படத்தில் குத்துச்சண்டை வீரன் வீட்டை விட்டுக் கிளம்பினான். மனைவி அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊமைப்படம் என்பதால், திரைக்குக் கீழே ஒரு பெண் பியானோவில் உருக்கமாக வாசித்தாள்.

“பாவம், போகாதேன்னு கெஞ்சறா. இந்தக் கழுதை கேக்குதா பாருங்க!”

“கேக்க மாட்டான்,” என்றார் மலாக்கி.

“கதை தெரியுமா உங்களுக்கு?”

“தினமும் வர்றேன்.”

“இதே படத்துக்கா? அதுவும் கழுத்து ஒடியற மாதிரி முன்வரிசையில! வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?”

“யாரும் இல்ல.”

ஓண்ட்ரேவுக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றினான்.

“அடுத்த வாரம் பேசும் படம் வருதாம்ணே. நமக்கு எழுத்துத் தொல்லை விட்டுச்சு. பியானோக்காரம்மாவுக்குத்தான் இன்னியோட வேலை போயிடுமாம்.”

திரையில் வீரன் அடிபட்டுச் சரிந்தபோது அரங்கமே கூச்சல் போட்டது. மலாக்கி மட்டும் தலையைச் சாய்த்து பியானோவையே கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. கூட்டம் கலைந்தது.

“தம்பி, பியானோ வாசிச்சவ போயிட்டாளா?”

ஓண்ட்ரே அப்போதுதான் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தான். தழும்பேறிய புருவங்கள். அசையாத கண்கள்.

“அண்ணே, உங்க கண்ணு...”

“கடைசிச் சண்டையில போச்சு. ‘நீ சண்டைக்குப் போனா, திரும்பி வரும்போது நான் வீட்ல இருக்க மாட்டேன்’னு சொன்னா என் பொண்டாட்டி. நான் கேக்கல. சொன்ன மாதிரியே போயிட்டா.” மலாக்கி நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். “அவ வாசிக்கறதையாவது கேக்கலாம்னு வர்றேன். நான் இங்க உக்கார்ந்திருக்கறது என் டீலியாவுக்குத் தெரியாது.”

ஓண்ட்ரே நிமிர்ந்து பார்த்தான். மெல்ல எழுந்து தன் நாற்காலியை விட்டு விலகினான்.

“தெரியும்ணே. உங்க முன்னாடிதான் நின்னு அழுதுக்கிட்டிருக்காங்க.”