இரண்டே நாளில்

"இன்னிக்காவது அந்த ஆளை பாஸ் போட்டு அனுப்பிடுக்கா. உனக்குக் கோடிப் புண்ணியம்."

தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான். அக்கா சிலிண்டரில் எவ்வளவு காற்று மீதியிருக்கிறது என்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால் இருந்த பயிற்சிக் குளத்தின் விளிம்பில் அந்த ஆள் ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்தான். கடலடியில் மூழ்கி நீந்தும் ஸ்கூபா கற்றுக்கொள்ள வந்து இது நான்காவது நாள். இந்த மாதம் அவர்களுக்குக் கிடைத்த ஒரே மாணவன்.

"மாஸ்க் டெஸ்ட்டை முடிக்கட்டும். போடறேன்."

"மூணு நாளா இதையேதான் சொல்ற. கோவத்துல அந்த ஆளும் ஏதாவது எழுதிட்டுப் போயிட்டான்னா?"

"எழுதட்டும்."

"எழுதட்டுமா! எதிர்க்கடையைக் கொஞ்சம் பாரு." போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "நாலு புள்ளி ஒன்பது. மொதல்ல என்ன நிக்குது தெரியுமா? 'ரெண்டே நாள்ல சர்டிஃபிகேட் கார்டு வாங்கிட்டேன். மாஸ்க்கைக் கழட்டவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சிரிச்சுக்கிட்டே கத்துக்கிட்டேன்.' யாரோ ஒரு பொண்ணு போட்டிருக்கு. அஞ்சு நட்சத்திரம். அதைப் பார்த்துட்டுத்தான் ஜனம் அங்க அள்ளுது."

"நம்மளுது?"

"ரெண்டு புள்ளி மூணு. மொதல்ல நிக்கறதே ஒத்தை நட்சத்திரம். 'என் மனைவியை ஆறு தடவை ஃபெயில் ஆக்கி அழ வெச்சாங்க. இது பயிற்சி இல்ல, சித்திரவதை. எதிர்க்கடைக்குப் போங்க.' நானூறு பேரு அதைப் போய் 'பயனுள்ளது'ன்னு அமுக்கி வெச்சிருக்கான். போன வருஷம் போட்டது, இன்னும் நம்ம கழுத்தை அறுக்குது. இந்த சீசனும் இப்படியே போனா, ஷட்டரை இறக்கிட்டு வேற பொழப்பைப் பார்க்க வேண்டியதுதான்."

"அந்தப் பொண்ணு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் அக்கா. "நல்லா நீந்துவா. மூக்குல தண்ணி ஏறினா மட்டும் பதறிடுவா. இன்னும் ரெண்டு நாள் குடுத்திருந்தா சரி பண்ணியிருப்பேன். புருஷன்காரன் உள்ளயே வரல. வாசல்ல கார்ல உக்காந்துக்கிட்டு ஹார்ன் அடிச்சான்."

"உன் மூஞ்சியைப் பார்த்தா மீனே பதறும். கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?"

"மீனா நமக்கு ரேட்டிங் போடுது?"

தம்பி தலையில் அடித்துக்கொண்டு, துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு குளத்தருகே போனான்.

"சார், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ரேட்டிங் பார்க்காமலா இங்க வந்தீங்க?"

"பார்த்தேன்."

"எதிர்க்கடையில ரெண்டே நாள்ல…"

"தெரியும்."

அக்கா குளத்தில் இறங்கினாள். அவனும் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

"மேடம், இந்த ஒரு டெஸ்ட்ல மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கீங்க?"

நான்கு நாளில் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கடல்ல மாஸ்க்குக்குள்ள தண்ணி புகுந்தா கண்ணு தெரியாது. மூக்கு எரியும். மேல ஓடு, ஓடுன்னு உடம்பு கத்தும். மூச்சை அடக்கிக்கிட்டு மேல ஓடினா உள்ள இருக்கற காத்து விரிஞ்சு நுரையீரல் கிழிஞ்சிடும். ஓடாம, அங்கேயே நின்னு, வாயால மூச்சு விடணும். வாயால சொன்னா உடம்பு கேக்காது. திரும்பத் திரும்ப செஞ்சாத்தான் கேக்கும்."

"கிழிஞ்சா… ரொம்ப நேரம் ஆகுமா?"

அக்கா அவனை ஒரு கணம் பார்த்தாள்.

"இல்ல. சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவன் தலையசைத்தான். இருவரும் மூழ்கினார்கள்.

அடியில் எதிரெதிரே முழங்காலிட்டார்கள். அவள் சைகை காட்டினாள். அவன் மாஸ்க்கைக் கழற்றினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஐந்து எண்ணினாள். பத்து. காற்றுக் குமிழ்கள் ஒழுங்காக மேலே போயின. இருபது. திடீரென்று குமிழ்கள் நின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு அவன் மேலே எம்பினான். அவள் அவன் தோள்பட்டியைப் பிடித்து நிறுத்தி, மூச்சை விடச் சொல்லி நெஞ்சில் தட்டினாள். அவன் விட்டான். மெதுவாக மேலே கொண்டுவந்தாள்.

அவன் இருமினான். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

தம்பி கும்பிடாத குறையாக அக்காவைப் பார்த்தான்.

"ஃபெயில்" என்றாள் அவள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"நன்றி மேடம்" என்றான் அவன். உடை மாற்றிக்கொண்டு புறப்பட்டபோது வாசலில் நின்று திரும்பினான். "நாளைக்கு வரலாமா?"

"தேறற வரைக்கும் வாங்க."

அவன் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். தம்பியின் போன் ஒலித்தது.

"போச்சு! தெருமுனை தாண்டறதுக்குள்ள எழுதிட்டான். உனக்கு இப்ப திருப்திதானே?" என்று கத்தியபடி போனைத் திறந்தவன், படித்தான். பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா? எத்தனை போட்டிருக்கான்?"

"அஞ்சு."

"அதுக்கு ஏன் இப்படி முழிக்கற?"

"இது புதுசு இல்லக்கா. அந்தப் பழைய ஒத்தை நட்சத்திரத்தைத்தான் அஞ்சா மாத்தியிருக்காரு."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

'என் மனைவி இங்கே ஆறு முறை தேறவில்லை. நான்தான் கோபப்பட்டு அவளை எதிர்க்கடைக்கு அழைத்துப் போனேன். அங்கே இரண்டே நாளில் தேறினாள். அடுத்த மாதம், வேறோர் ஊர்க் கடலில், அவள் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. என் ஒரு நட்சத்திரத்தை நான் மாற்றிவிட்டேன். எதிர்க்கடைக்கு அவள் போட்ட ஐந்து நட்சத்திரம் இன்னும் அங்கே முதலில் நிற்கிறது; அதை மாற்ற அவள் இல்லை.'