அட்மின் இல்லாத முப்பது நாள்

"ஒருத்தராவது உங்களை எங்கேன்னு தேடியிருந்தா, போன் பழையபடி உங்களோடது. யாருமே தேடலேன்னா ஏழு குரூப்பிலிருந்தும் இன்னைக்கே வெளிய வந்துடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்று சொல்லி, மனைவி போனை அவர் கையில் கொடுத்தாள்.

உறவிலும் நட்பிலும் அவருக்கு அட்மின் என்றுதான் பெயர். குடும்ப குரூப், பள்ளித் தோழர்கள் குரூப் என்று ஏழு வாட்ஸ்அப் குரூப்புக்கும் அவர்தான் பெரிய தலை. பிழைப்பு என்னவோ கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஒரு கண் மெஷினிலும் ஒரு கண் போனிலுமாக இருந்து, போன மாதம் ஒரு அம்மாளுக்கு இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் கடைப் படியிலேயே தடுக்கி விழுந்தார். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். அன்றைக்குத்தான் அட்மினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடமும் மூச்சுவிடாமல், முப்பது நாளைக்குப் போனை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார். அவசரத்துக்குப் பழைய பட்டன் போன் ஒன்று போதும் என்றார்.

முதல் வாரம் கை பரபரத்தது. வெறும் சட்டைப் பையைத் தடவித் தடவித் தையல் விட்டதுதான் மிச்சம். போகப் போகப் பழகிவிட்டது. முதலாளியே ஒரு நாள் "வேலை சுத்தமா இருக்கே" என்றார்.

ஆனாலும் மனசுக்குள் ஒரே ஒரு நப்பாசை. தான் இல்லாமல் அத்தனை பேரும் தவித்துப் போயிருப்பார்கள். பத்து வருஷமாகக் காலை வணக்கத்திலிருந்து இரங்கல் வரை ஒன்று விடாமல் போட்டவர் அவர். யாருமே தேடவில்லை என்றால் அந்தப் பத்து வருஷமும் வீண்தானே? நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

முப்பது நாள் கழித்துக் கைக்கு வந்த போனைத் திறந்தார்.

ஒருவரும் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமே வரவில்லை. முப்பது நாளும் அவர் பெயரில் பதில் போயிருந்தது!

மச்சானின் புது வீட்டுக்குக் கட்டைவிரல். சித்தப்பாவின் மூட்டுவலிக்குக் கூப்பிய கை. இரண்டு அத்தைகளின் சண்டைக்கு நடுவில் ஒரு சிரிக்கிற முகம். அதைப் பார்த்து இருவரும் சிரித்துச் சமாதானமாகியிருந்தார்கள். பள்ளித் தோழன் ஒருவன், மனைவி பிரிந்துபோன துக்கத்தைப் பக்கம் பக்கமாகக் கொட்டியிருந்தான். அதற்குக் கீழே ஓர் அழுகிற முகம், ஓர் இதயம். 'நீ ஒருத்தன்தான்டா என்னைப் புரிஞ்சுக்கிட்டே' என்று அவன் உருகியிருந்தான்.

அட்மின் மறுபடியும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் இருந்திருந்தாலும் இதையேதான் போட்டிருப்பார்.

என் பெயரில் நீ எப்படிப் பதில் போடலாம் என்று மனைவி மேல் பாய்ந்தார். அவள் போனை வாங்கிப் பார்த்தாள். தான் ஓர் எழுத்துகூட அனுப்பவில்லை என்று சத்தியம் செய்தாள்.

"அப்போ வேற யாரு? அச்சு அசலா என்னை மாதிரியே போட்டிருக்காங்களே!"

அவள் திரும்பி உள் அறையைப் பார்த்தாள்.

"சமைக்க விடாம படுத்துறாளேன்னு தினமும் விளையாடக் குடுத்தேங்க. படம் படமா வந்ததை அழுத்தியிருக்கா போல" என்றாள் மெதுவாக. "நம்ம பாப்பாவுக்குப் போன வாரம்தானே மூணு வயசு முடிஞ்சுது?"